குணவதி ஓடித் தேய்த்த சாலைகள்

காத்திப்பட்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷூ கம்பெனி கேட் வரைக்கும் ஆறு கிலோமீட்டர் என்று நெடுஞ்சாலைத் துறை கல் நட்டு எழுதி வைத்திருந்தது, ஊரும் அதை நம்பியிருந்தது, குணவதியும் நம்பியிருந்தாள். அதனால் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அவள் வழக்கம்போல விடியற்காலையில் ஓடி முடித்து, கேட்டுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று மூச்சு வாங்கியபோது, மணிக்கட்டில் இருந்த இரவல் வாட்ச் ஐந்து கிலோமீட்டர் எழுநூறு மீட்டர் என்று காட்டியதும், பாவம் வாட்ச் கெட்டுவிட்டது என்று அதை இரண்டு தட்டு தட்டிவிட்டு வேலைக்குள் போய்விட்டாள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கம்பெனியில் பதினாறு வருஷமாக சோல் ஒட்டும் பிரிவில் நிற்கிறாள். பசை தடவி, சூடு காட்டி, அடிப்பாகத்தையும் மேல்பாகத்தையும் சேர்த்து வைத்துக் கட்டைவிரலால் ஓரம் முழுக்க ஒரு சுற்று அழுத்திவிட்டு அடுத்ததை எடுப்பாள். ஒரு நாளைக்கு நானூறு ஜோடி அவள் கையைத் தாண்டிப் போய், கப்பலேறி, அவள் பார்க்கப்போகாத ஊர்களில் இறங்கும். அங்கே யாரோ மாட்டிக்கொண்டு ஓடுவார்கள், தேய்ப்பார்கள், தூக்கிப் போடுவார்கள். குறையுள்ள ஷூக்களைக்கூட வெளியே விடாமல் கத்தியால் கிழித்து எறிந்துவிடுவது கம்பெனி வழக்கம். ஆகவே தான் ஒட்டிய ஷூ ஒன்று தேய்ந்து அவள் பார்த்ததே இல்லை. ஆக்கிப் போட்டுவிட்டு, சாப்பிட்டவர்கள் முகத்தை ஒருநாளும் பார்க்காத சமையல்காரியின் குறைதான் அது, வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஓட்டம் அவளுக்குத் தானாக வந்து வாய்த்தது. ஒருநாள் கம்பெனி வேனைத் தவறவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தவள், ரயில்வே கேட்டில் மாட்டி நின்ற வேனைக் கடந்து, எல்லாரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கத்த, வேனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தாள். மறுநாள் வேன் சரியான நேரத்துக்குத்தான் வந்தது. அவள்தான் ஏறவில்லை.

அந்த வருஷம் முதலாளிக்கு என்ன தோன்றியதோ, கழித்த ஷூக்களைக் கிழிக்க வேண்டாம், தொழிலாளர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று முற்றத்தில் மலையாகக் கொட்டினார்கள். காத்திப்பட்டுக்காரர்கள் ஷூ பொறுக்குவதைப் பார்க்க வேண்டும். நிறத்தைப் பார்க்க மாட்டார்கள். முன்பக்கத்தை மடக்கி விரல் மடங்கும் இடத்தில்தான் மடங்குகிறதா என்று பார்ப்பார்கள், குதிகால் பக்கத்தைப் பிசைவார்கள், மேசையில் வைத்து ஆடுகிறதா என்று குனிந்து ஒரு கண்ணை மூடுவார்கள், கடைசியில் உள்ளே மூக்கை விட்டு பசையை முகர்வார்கள். குணவதியின் இடது பாதம் வலதைவிட அரை விரற்கடை பெரியது. ஆகவே இரண்டு மணி நேரம் குவியலில் இறங்கித் தேடி, இடதுக்கு ஒரு ஆகாச நீலம், வலதுக்கு அரை சைஸ் சின்னதாக ஒரு செங்கல் சிவப்பு என்று எடுத்தாள். இரண்டின் ஓரத்திலும் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள். இரண்டும் அவள் ஒட்டியவை.

ஊரில் விடியல் ஓட்டக் குழு என்று ஒன்று இருந்தது, பதினோரு பேர். மருந்துக்கடை இம்தியாஸ்தான் தலைவர். யார் எத்தனை கிலோமீட்டர் ஓடினார்கள், எந்த ஷூவில் ஓடினார்கள் என்றெல்லாம் நோட்டில் எழுதுவார். அறுநூறு கிலோமீட்டர் ஆனால் ஷூவை மாற்ற வேண்டும் என்பது அவர் கட்டளை. குணவதியின் ஷூ ஆயிரத்து நானூறைத் தாண்டியும் அடியில் ஒரு கோடுகூட மழுங்கவில்லை, அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிக்கொண்டு வருமே குட்டிக் குட்டி ரப்பர் முள், அதுகூட உதிரவில்லை. வாட்ச் குறைத்துக் காட்டிய அதே வாரத்தில்தான் சாலை ஆய்வாளர் தணிகாசலம், அவரும் குழுவில் ஒருவர், அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து கேட் வரை நடந்துவிட்டு, மருந்துக்கடை வாசலில் வந்து உட்கார்ந்து ஒரு சோடா கேட்டார்.

"அஞ்சர தான் இருக்குது," என்றார். "மூணு வாட்டி அளந்துட்டேன். அரை கிலோமீட்டர் காணம்."

"வாட்ச்சும் அதத்தான் சொல்லுது," என்றார் இம்தியாஸ்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த குணவதி ஷூவைக் கழற்றி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அடியைப் பார்த்தாள். "ரெண்டு பொருள் ஒரசிச்சின்னா ஒண்ணு தேயணும் சார். ஷூ தேயல. அப்ப ரோடு தேயுது," என்றாள்.

ஷூ செய்கிற ஊர் என்பதால் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தணிகாசலம் சோடாவைக் குடித்து முடித்து, கல்லை எடுத்துக் கொஞ்சம் தள்ளி நட வேண்டும் என்று மேலே எழுதிப் போட்டார். எங்கே குறைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எந்தப் புளியமரமும் காணாமல் போகவில்லை, எந்த வீடும் போகவில்லை, எல்லாம் பஸ்ஸில் இடம் விடுகிறவர்கள் மாதிரி கொஞ்சம் நெருங்கி நின்றுகொண்டன. இம்தியாஸ் கணக்குப் போட்டதில், அந்த ஆடி மாதம்தான் சாலை தேய ஆரம்பித்திருந்தது, பத்து கிலோமீட்டர் ஓடினால் நூற்றைம்பது மீட்டர் தேய்ந்தது. அதே ஷூவை வேறு பேர் மாட்டி ஓடிப் பார்த்தார்கள், கால் கடித்ததுதான் மிச்சம். குணவதி வெறுங்காலோடு ஓடினாலும் சாலை அசையவில்லை. அவளும் அந்த ஷூவும் சேர்ந்தால்தான்.

அதன்பிறகு ஊர் அவளை விட்டதா? மேட்டுத் தெருக்காரர்கள் குழாயடி வரைக்கும் நாலு நடை ஓடிவிட்டுப் போம்மா என்று குடத்தோடு வந்து நின்றார்கள். பெருநாள் தொழுகை நடக்கிற ஈத்கா மைதானம் ஊருக்கு வெளியே ரொம்பத் தள்ளி இருக்கிறது என்று பள்ளிவாசல் கமிட்டியிலிருந்து வந்து கேட்டார்கள், மாரியம்மன் தேர் இழுக்கிறவர்களுக்குத் தோள்பட்டை விட்டுப்போகிறது என்று கோயில் கமிட்டியிலிருந்து வந்து கேட்டார்கள், இரண்டு கமிட்டிக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து முறை வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மட்டும் அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள், தாமதமாகப் போவதற்கெல்லாம் சாக்காக இருந்த தூரம் போய்விட்டது என்ற கோபம். சண்டை போட்டுக்கொண்டு தெருவின் இரண்டு கோடியில் வீடு கட்டிக்கொண்ட அண்ணன் தம்பி இரண்டு பேர், தங்கள் தெருப் பக்கமே வர வேண்டாம் என்று தனித்தனியாக வந்து, ஒரே வார்த்தைகளில் கேட்டுக்கொண்டு போனார்கள். அவள் அந்தத் தெருவில் ஓடவில்லை. யாருக்கு எவ்வளவு தூரம் வேண்டுமோ அதை அவரவர்தான் சொல்ல வேண்டும் என்பது அவள் எண்ணம்.

சீங்காட்டு மலையிலிருந்து வெள்ளச்சி இறங்கி வந்தது புரட்டாசியில். சந்தைக்குச் சாமையும் தேனும் கொண்டுவருகிற பெண், குணவதி வயதுதான் இருக்கும். சீங்காட்டுக்கு மலையடியிலிருந்து இருபத்தொரு கிலோமீட்டர் மண் சாலை, பதினான்கு கொண்டை ஊசி வளைவு, பஸ் கிடையாது. உடம்புக்கு முடியாதவர்களைத் தூளி கட்டித்தான் இறக்குவார்கள். வெள்ளச்சியின் மகளுக்கு ஆறு வயதில் காய்ச்சல் கண்டு, தோளில் போட்டுக்கொண்டு இறங்கும்போது ஒன்பதாவது வளைவில் உயிர் போய்விட்டது. இதை அவள் கம்பெனி வாசலில் நின்று, நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள்.

"எங்க ரோட்டயும் கொஞ்சம் தேச்சுக் குடு," என்றாள். "ஆனா ஒம்பதாவது வளைவ மட்டும் தொடாத. அது போச்சுன்னா நான் எங்க போய் அழுவேன்?"

குணவதி அழுதுவிட்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஞாயிறும் வியாழனும் வருகிறேன் என்றாள்.

எட்டு மாதம் ஓடினாள். மழையில் ஓடினாள், பனியில் ஓடினாள், கூட ஓடிய குழுக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக நாலாவது வளைவில் உட்கார்ந்துவிட, தனியாக ஓடினாள். ஒவ்வொரு தடவையும் ஒன்பதாவது வளைவு வந்ததும் நின்று, ஷூவைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, நீலம் ஒரு கை, சிவப்பு ஒரு கை, வெறுங்காலால் கல்லிலும் முள்ளிலும் நடந்து வளைவைத் தாண்டிய பிறகுதான் மறுபடி மாட்டுவாள். அவளைப் பார்த்து மலைக்காரர்களும் அங்கே செருப்பைக் கழற்ற ஆரம்பித்து, பிறகு ஜீப்காரர்கள்கூட அந்த இடத்தில் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டார்கள். இருபத்தொன்று பதினைந்தானது, பதினொன்றானது, வளைவுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டன, மலை மட்டும் அதே உயரத்தில் செங்குத்தாகாமல் இருந்தது, எப்படி என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. ஏழு கிலோமீட்டர் ஆனபோது சீங்காட்டுக்காரர்கள் பலாமரத்தடியில் கூடிப் பேசி, போதும் என்றார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோள் மாற்றாமல் தூக்கிக்கொண்டு இறங்குகிற தூரம் ஏழு; அதற்கும் குறைந்தால் ஊர் மலையில் இருப்பதற்கே அர்த்தமில்லை என்று முடிவு செய்தார்கள். ஒன்பதாவது வளைவு ஒன்பதாவதாக இல்லாமல் நாலாவதாக இருந்தது, ஆனால் ஒரு சாண்கூடக் குறையாமல் இருந்தது.

எல்லாருக்கும் ஓடிக் கொடுத்தவளுக்கு உள்ளே ஒரு ஆசை இருந்தது. ஒரே ஒரு தடவை முழு மாரத்தான், நாற்பத்திரண்டு கிலோமீட்டர் நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டர், ஒரு மீட்டர் குறையாமல் ஓட வேண்டும். ஓடி அந்த ஷூ தேய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும். சாலை தேய்ந்துகொண்டே போகிறபோது முழுத் தூரம் எங்கே கிடைக்கும்? மெட்ராஸில் மார்கழி மாதம் நடக்கிற ஒரு மாரத்தானுக்கு இம்தியாஸ்தான் அவள் பேரைக் கொடுத்தார்.

"அக்கா, ரேஸுக்கு வேற ஷூ வாங்கிடலாம். ரோடும் தேயாது, தூரமும் முழுசா கெடைக்கும்," என்றார்.

"ரேஸ் அன்னிக்குப் புதுசா எதுவும் கூடாதுன்னு நீதான பாய் நோட்டுல எழுதி வெச்சிருக்கிற. அதுவுமில்லாம நான் ஒட்டினது இது. இதுலதான் ஓடுவேன்."

செய்தி எப்படியோ போட்டி நடத்துகிறவர்கள் காதுக்குப் போய்விட்டது. அவர்கள் மூன்று நாள் கூட்டம் போட்டார்கள். இவள் முன்னால் ஓடினால் பின்னால் வருகிறவர்களுக்குத் தூரம் குறைந்துவிடும், எவன் எடுத்த நேரமும் செல்லாது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு அனுமதித்தார்கள்: எல்லாருக்கும் கடைசியில் ஓட வேண்டும், யாரையும் முந்தக் கூடாது. தேய்வது அவள் காலடியோடு தேய்ந்துகொள்ளட்டும். ஏழு மணி நேரத்துக்குள் முடிக்காதவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு பஸ் பின்னாலேயே ஊர்ந்து வரும், அதில் மாட்டினால் ஆட்டம் முடிந்தது. நாலு மணி நேரத்தில் முடிக்கக்கூடியவள், யார் என்றே தெரியாத மிக மெதுவான ஒரு ஆளின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓட வேண்டும். குணவதி சரி என்றாள்.

அந்த முதுகு சௌந்தரபாண்டியனுடையது. மதுரைக்காரர், வங்கி மேலாளர், ஐம்பத்திரண்டு வயது. இடுப்பைச் சுற்றி ஆறு குட்டித் தண்ணீர் பாட்டில், தலையில் ஒரு விளக்கு, சட்டைப்பை நிறைய உப்பு மாத்திரை, காலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்கிய பளபளக்கும் புது ஷூ. நாலரை மணிக்கு இருட்டில் ஆரம்பித்து, முதல் பத்து கிலோமீட்டர் பேசிக்கொண்டே வந்தார். இருபதில் பேச்சு நின்றது. முப்பதில் நொண்ட ஆரம்பித்தார். முப்பத்துநாலாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டி, பத்து மணி வெயிலில் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் பஸ் வந்து நின்று உறுமியது.

"முடியலம்மா," என்றார். "நீங்க போங்க. நான் ஏறிக்கிறேன். என்னால உங்களுக்கும் கெடுது."

அவர் சொன்னது நிஜம். அவருக்கு முன்னால் ஓடுகிறவர் மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போய்க்கொண்டிருந்தார். இவர் பஸ் ஏறிவிட்டால் குணவதிக்கு வழி திறந்துவிடும், மிச்சமுள்ள தூரத்தை அவள் கண்மூடி ஓடுவாள், ஒரு மணி நேரம்கூட வேண்டாம். இவரோடு போனால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், மிச்சமிருந்ததும் ஒன்றரை மணி நேரம்தான். வாய் வரைக்கும் சரி என்று வந்துவிட்டது என்று அவளே பிறகு ஊரில் சொன்னாள். ஆனால் பழக்கதோஷம், பார்வை மனுஷன் முகத்துக்குப் போகாமல் ஷூவுக்குப் போனது. குனிந்து ஷூவின் நாக்கை இழுத்து உள்பக்கம் பார்த்தாள். சின்னதாக ஒரு முத்திரை. அவள் கம்பெனி, அவள் பிரிவு, கப்பலேறிப் போய்க் கடை வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினாள்.

"இது என்னா சைஸு சார்?"

"எட்டு."

"உங்க கால் ஒம்பது கேக்குது. ஓட ஓட கால் வீங்கும்னு கடையில சொல்லலியா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஷூவைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த மெத்தைத் தாளை உருவி வீசினாள், இடம் கொஞ்சம் கிடைத்தது. கயிற்றை முழுக்க அவிழ்த்து, விரல் பக்கத்து ஓட்டைகளை விட்டுவிட்டு, கணுக்கால் பக்கம் மட்டும் இழுத்துக் கட்டினாள். அதற்கு முன்பே அவருடைய கொப்புளத்தின் மேல், உரசலுக்குத் தடவ இடுப்பில் செருகி வைத்திருந்த தேங்காய் எண்ணெயைத் தடவியிருந்தாள். இடுப்பிலிருந்த ஆறு பாட்டிலையும் கழற்றி பஸ் டிரைவரிடம் கொடுத்தாள்.

"எழுந்திருங்க சார். நான் ஒட்டின ஷூ இது. இது பஸ்ஸுல வீட்டுக்குப் போவறத நான் பாக்க மாட்டேன்."

சௌந்தரபாண்டியன் எழுந்தார். வங்கிக்கு வருகிறவர்களை எழுந்து நிற்க வைத்தே பழகியவர், ஒரு சோல் ஒட்டுகிறவளின் சொல்லுக்கு எழுந்து நின்றார். முன்னால் அவர், பின்னால் அவள், அதற்கும் பின்னால் பஸ். அவள் முழுக்க முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள், ரயில்வே கேட்டைப் பற்றி, அண்ணன் தம்பி தெருவைப் பற்றி, ஒன்பதாவது வளைவைப் பற்றி. அதைக் கேட்டபோது அவர் அழுதுகொண்டே ஓடினார், அந்த ஒரு கிலோமீட்டர்தான் இருப்பதிலேயே வேகமாக ஓடினார். பதினொன்றரை ஆக இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவர் முடிவுக் கோட்டைத் தாண்டினார். அவருக்கு ஐந்தடி பின்னால் குணவதி தாண்டினாள்.

ஊர் வந்திருந்தது. குழுக்காரர்கள், அவள் பிரிவுப் பெண்கள், சீங்காட்டிலிருந்து வெள்ளச்சி, எல்லாரும் இரண்டு டெம்போவில் வந்து நின்றார்கள். பதக்கத்தோடு ஒரு பெண் ஓடி வந்தாள். குணவதி வாட்ச்சைப் பார்த்தாள். நாற்பத்தொன்று ஐந்நூற்று அறுபத்தைந்து.

அவள் நிற்கவில்லை. பதக்கத்தைத் தாண்டி, காற்றடைத்து நிறுத்தி, இப்போது காற்றுப் போய்ச் சரிந்துகொண்டிருந்த அலங்கார வளைவுக்கு அடியில் குனிந்து, ஓடிக்கொண்டே இருந்தாள். அங்கே சாலை முடிந்து வண்டிகள் நிறுத்துகிற மைதானம், அதற்கப்பால் மணல். இம்தியாஸுக்கு மட்டும் புரிந்தது.

"அறுநூத்தி முப்பது மீட்டர் பாக்கி," என்று கத்தினார். "யாரும் மறிக்காதீங்க."

யாரும் நெருங்கி வரக் காத்திருக்காத தூரம் அது. அந்தக் கோடியில் குடம் வைத்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாரும் இறங்கவில்லை, தேர் இல்லை, தொழுகை இல்லை. நிறுத்தியிருந்த கார்களைச் சுற்றி, ஐஸ் வண்டிக்காரனைச் சுற்றி, குப்பைத் தொட்டியைச் சுற்றி, முதன்முறையாக முழு வேகத்தில், ஆளில்லாத மைதானத்தில் அவள் தனக்காக ஓடினாள். ஆளில்லாத என்று சொல்வதும் சரியில்லை. பின்னால் கயிறு தளர்ந்த ஷூவோடு சௌந்தரபாண்டியன் நொண்டிக்கொண்டே வந்துகொண்டிருந்தார்.

"இப்ப நான் கடைசி, தங்கச்சி," என்றார். "நீ போ."

வாட்ச் நாற்பத்திரண்டு நூற்றுத் தொண்ணூற்றைந்து காட்டியதும் மணலில் உட்கார்ந்தாள். டெம்போவிலிருந்து அளவுச் சக்கரத்தை இறக்கிய தணிகாசலம் அவள் ஓடிய தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்து, அறுநூற்று முப்பது, ஒரு அடி குறையவில்லை, தரை தேயவே இல்லை என்றார். அவள் நீல ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தாள். ரப்பர் முள் ஒன்றுகூட இல்லை. குதிகாலின் வெளி ஓரம் சாய்வாக மழுங்கி, கோடுகள் கரைந்து, உள்ளே இருக்கிற வெள்ளை தெரிந்தது. எத்தனையோ லட்சம் ஜோடிகளில் ஒன்று, கடைசியில் அவள் கண்ணெதிரே ஷூவாக இருந்து முடித்திருந்தது. வெள்ளச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் சிவப்பு ஷூவைக் கழற்றிவிட்டு அந்தப் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

குணவதி ஓரம் முழுக்கக் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டினாள், பதினாறு வருஷமாக ஓட்டுகிற மாதிரியே மெதுவாக ஓட்டினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இம்தியாஸிடம் ஷூவை நீட்டினாள்.

"தேஞ்சிருக்குது பாய்," என்றாள். "ஆனா பாரு, ஒட்டு எங்கியும் விடல."